ஊர்க்கதையும் ஊரேடும்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் இக்காலத்தில் இரு சாராராய் நிற்கக் காண்கின்றோம். ஒரு சாரார் முதியோர் வாய்மொழி யாவற்றையும் கேட்டபடியே எழுதி வரலாறு என்று பெயரிடுவர். மற்றச் சாரார் பத்திரமும் பதிவேடும் சான்று பகராத எதனையும் கட்டுக்கதை எனத் தள்ளி, எஞ்சிய ஆண்டுகளை அடுக்கி வைத்து அமைவர். முன்னவர் களையையும் கதிரையும் ஒருங்கே அரிந்து களத்தில் இடுபவர். பின்னவர் களை என்று எண்ணிப் பயிரையும் பிடுங்குபவர். இவருள் பின்னவரே அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றனர் என்பது எம் கருத்து. இவ்விரு சாராரும் பாடம் கேட்டற்குரிய ஊர் ஒன்று ஆங்கில நாட்டில் உண்டு. அவ்வூர்க் கதை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, அதில் எதனைக் கொள்ளுதல் வேண்டும் என்பனபற்றி யாம் எண்ணுவதை ஆசிரிய நண்பர்முன் வைக்கின்றோம்.

டார்பிஷயர் என்னும் பகுதியின் மலைப்பாங்கிலே, ஈயச் சுரங்கத்தாலும் ஆடு வளர்ப்பாலும் வாழ்ந்த சிற்றூர் அது. எழுத்துப்படி வாசிப்பவர் ‘இயாம்’ என்பர். அவ்வூரார் ‘ஈம்’ என்றே வழங்குவர். 1086ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னன் எடுப்பித்த பெரு நிலக்கணக்கிலும் இவ்வூர்ப் பெயர் சற்றே வேறான வடிவில் உண்டு. ஓடைகளுக்கு இடைப்பட்டுத் தீவு போலக் கிடக்கும் நிலம் என்பது அதன் பொருள் எனப் பழைய ஆங்கிலம் வல்லோர் உரைப்பர். தமிழ்ச் செவிக்கோ அப்பெயர் ஈமம் என்னும் சொல்லை நினைவூட்டும். ஊரின் கதையை அறிந்தபின் அவ்வொலி நெஞ்சை உறுத்தவும் செய்யும். ஆயின் அஃது ஒலியொப்புமை மாத்திரையே. இத்தகைய ஒலியொப்புமைகளைப் பற்றிக்கொண்டே ஊர்ப்பெயர்களுக்கு நாளொரு புராணம் பிறக்கின்றதாகலின், இதனை முதற்கண் கூறி வைத்தோம்.

1665ஆம் ஆண்டு இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் சூறையாடிக்கொண்டிருந்தது. ஈம் ஊர்த் தையற்காரர் ஒருவருக்கு அந்நகரிலிருந்து துணிப்பொதி ஒன்று வந்தது. ஈரம் ஊறியிருந்த அத்துணியை அவிழ்த்து நெருப்பருகே உலர்த்திய ஜோர்ஜ் விக்கர்ஸ் என்னும் தொழிலாளி சில நாளில் நோயுற்று இறந்தான். செப்ரெம்பர் 7ஆம் திகதி அவன் அடக்கம் செய்யப்பட்டான் என்று கோயிற் பதிவேடு கூறும். துணியில் ஒளிந்திருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பது பிற்கால விளக்கம். பனிக்காலத்தில் நோய் சற்றே தணிந்து, 1666 கோடையில் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், ஊர்க் குருவானவராகிய வில்லியம் மொம்பெசன் என்னும் இளைஞர், முன்னொரு காலத்தில் அப்பதவியில் இருந்து, அரசின் சமயச் சட்டத்துக்கு இணங்காமையால் அதனை இழந்திருந்த தோமஸ் ஸ்ரான்லி என்னும் முதியவரைத் துணைக்கொண்டு, ஊராரிடம் மூன்று ஒழுங்குகளை முன்வைத்தார். இறந்தோரைத் தேவாலய நிலத்துக்குக் கொணராமல் வீட்டாரே தத்தம் காணியில் அடக்கம் செய்தல் வேண்டும். கோயிற் கதவைச் சாத்திவிட்டுக் கக்லெட் டெல்வ் என்னும் பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று வழிபடுதல் வேண்டும். ஊரெல்லை கடந்து ஒருவரும் வெளிச்செல்லல் ஆகாது.

அயலூரார் எல்லையில் உணவை வைத்துச் சென்றனர். சற்ஸ்வேர்த் மாளிகையில் வாழ்ந்த டெவன்ஷயர்ப் பிரபுவும் உதவினார். ஈமுக்கும் ஸ்ரோனி மிடில்ரனுக்கும் இடையே எல்லைக்கல் ஒன்று இன்றும் கிடக்கின்றது. அதிலுள்ள குழிகளில் வினாகிரியை ஊற்றி, உணவின் விலைக்காசை அதிலே இட்டனர் என்பர். மொம்பெசன் கிணறு என வழங்கும் ஊற்றிலும் அவ்வாறே காசு ஓடுநீரில் இடப்பட்டது என்பர். இவ்வூரைக் காணச் செல்வோர் கல்லையும் கிணற்றையும் பார்த்துவிட்டு, ஊர்ப்புறத்து வயலிடையே மதில் சூழ்ந்த ரைலிக் கல்லறைகளையும் பார்த்து மீள்வர். எலிசபெத் ஹன்கொக் என்னும் பெண் 1666 ஓகஸ்ட் 3ஆம் திகதி முதல் 10ஆம் திகதி வரையுள்ள 8 நாட்களில் தன் கணவனையும் 6 பிள்ளைகளையும் மண்ணிலிட்ட இடம் அது. அவளே குழி தோண்டினாள், அவளே உடல்களை இழுத்துச் சென்றாள், எதிர்மலைச் சரிவில் நின்ற ஸ்ரோனி மிடில்ரன் ஊரார் அணுக அஞ்சித் தொலைவிலிருந்தே பார்த்திருந்தனர் என்பன செவிவழிச் செய்தி. பெயரும் நாளும் ஏட்டில் உண்டு. இழுத்துச் சென்ற கை ஏட்டில் இல்லை. ஆயின் வீட்டார் எழுவர் இறந்து, அணுகுவார் ஒருவரும் இல்லாதவிடத்து, அக்குழிகளை வேறு எவர் தோண்டியிருப்பர்? இத்தகைய இடத்திலே செவிவழிச் செய்தியை ஐயுறுவது கூர்மை ஆகாது, வறட்டுத்தனமே ஆகும்.

அம்மாதத்தில் மாத்திரம் எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மொம்பெசனின் மனைவி கத்தரினும் அம்மாத இறுதியில் இறந்தார். தம் பிள்ளைகள் இருவரையும் வெளியூருக்கு அனுப்பிய குருவானவர் மனைவியையும் போகுமாறு வேண்டினார் என்றும், அவர் மறுத்துக் கணவருடன் தங்கினார் என்றும் சொல்வர். நவம்பர் 1ஆம் திகதி இறந்தவனோடு நோய் ஓய்ந்தது.

இனி, இறந்தோர் தொகையைப் பார்ப்போம். நோய் ஓய்ந்த அம்மாதத்திலே எழுதிய கடிதத்தில் 76 குடும்பங்களில் 259 பேர் இறந்தனர் என்கின்றார் மொம்பெசன். ஊரார் நினைவு கூரும் தொகை 260. நோய் பரவிய முறையைக் கணிதங் கொண்டு ஆராய்ந்து 2016இல் வெளிவந்த கட்டுரை ஒன்று கொண்ட தொகை 257. சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியவர் இவ்வேறுபாட்டைக் கண்டு மருளார். இவை பாடபேதங்கள், அவ்வளவே. ஆனால் ஊரின் மொத்தத் தொகைபற்றிய வேறுபாடு பாடபேதம் அன்று. 350 பேர் வாழ்ந்த ஊரில் 83 பேரே எஞ்சினர் என்று பழைய நூல்கள் கூறிவந்தன. பதிவேட்டை நுணுகி ஆராய்ந்தோர், ஊரில் 700 பேரளவில் வாழ்ந்தனர் என்றும், எஞ்சியோர் இறந்தோரினும் மிகுதியானோர் என்றும் காட்டினர். வெறிச்சோடிய ஊரே சோகச் சுவைக்கு ஏற்றது ஆகையால் உயிர் தப்பிய நூற்றுக்கணக்கானோர் கதையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மண்ணைக் கிளறி மறு ஆண்டு விதைத்தவர் அவரே. அவரைப்பற்றிப் பாடுவார் இல்லை.

இப்பெருங்கதை அச்சில் ஏறிய வழியும் அறியத்தக்கது. 1720இல் பிரான்சு நாட்டு மார்செயில் நகரைக் கொள்ளைநோய் பற்றியபோது, ஆங்கில அரசு ரிச்சர்ட் மீட் என்னும் மருத்துவரிடம் ஆலோசனை கேட்டது. அவர் எழுதிய நூலின் 1722ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ஈம் ஊரின் செய்தி விரிவாக இடம்பெறுகின்றது. நோய் தொற்றிப் பரவுவது, எல்லை கட்டினால் நிற்பது என்று நிறுவ விரும்பியவர் அவர். துணிப்பொதியும் எல்லைக் காவலும் அவர் வாதத்துக்கு வாய்த்த சான்றுகள். அடுத்து, இவ்வூரிலேயே பிறந்த புலவர் அன்னா சுவேட் அம்மையார் கதைக்கு உருக்கம் ஊட்டினார். 1842இல் வில்லியம் வூட் என்னும் உள்ளூர்வாசி ஈம் ஊரின் வரலாறும் தொல்பொருளும் பற்றி நூல் எழுதி, முதியோர் சொன்னவற்றை எல்லாம் அதில் தொகுத்தார். விக்ரோரியா காலத்தவர் அதைக் கொண்டாடினர். ஈற்றில் 2006இல் பற்றிக் வாலிஸ் என்னும் வரலாற்றாசிரியர், இவ்வீரக் கதை காலந்தோறும் எவ்வெத் தேவைக்காக எவ்வாறு புனையப்பட்டது என்பதை அடுக்கடுக்காக எடுத்துக் காட்டினார். அவர் ஆய்வு மதிக்கத்தக்கது. ஆனால் அதைக் கேள்வியுற்ற சிலர் ‘ஈம் கதை முழுதும் பொய்’ என்று சொல்லத் தலைப்பட்டிருப்பது பெரும் பிழை.

வகுப்பில் இவ்வூரைப்பற்றிக் கூறியபோது மாணவன் ஒருவன், “ஐயா, கதையின் ஓரங்கம் புனைவு என்றால் மற்றதை நம்புவது எப்படி?” என்று வினவினான். நல்ல வினா. அவனுக்கு மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையையே விடையாகக் காட்டினோம். அங்கே அளவைகள் பத்தினுள் ஒன்றாக ஐதிகம் எண்ணப்படுகின்றது. அதற்குச் சாத்தனார் தரும் உதாரணம், இந்த மரத்திலே பேய் உண்டு என உலகத்தார் சொல்லக் கேட்டுத் தெளிவது. ஆங்கிலேயர் 1846ஆம் ஆண்டளவில் தனிப்பெயர் இட்டு ஆராயத் தொடங்கிய நாட்டார் வழக்காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஏது? ஐதிகம் காட்சியோடு ஒத்த வலியுடையது என்று யாம் வாதாட வரவில்லை. மரத்தில் பேய் உண்டா என்பதற்கு அது சான்று ஆகாது. அம்மரத்தடியில் மக்கள் எதற்கோ அஞ்சினர் என்பதற்கு அதுவே சான்று. வேறு சான்று கிடையாது.

இவ்வாறு கொண்டு நோக்கின், ஈமில் வழங்குவது ஒரு கதையன்று என்பது புலனாகும். மேலிருந்து ஊருக்குள் வந்த கதை ஒன்று. ஊருக்குள்ளே கிடந்து மேலே வந்த கதைகள் பல. குருவானவரின் ஒருசொற்கு ஊர் முழுதும் மனமுவந்து தன்னைப் பலியிட்டது என்பது முன்னது. அதை மருத்துவரும் புலவரும் வளர்த்தனர். மறுப்பவர் மறுப்பதும் அதனையே. பின்னவையோ சின்னஞ் சிறியன, அழகில்லாதன. ஆகவே அவற்றைக் கொண்டாடுவாரும் இல்லை, மறுப்பாரும் இல்லை.

அவற்றுள் ஒன்று மார்ஷல் ஹோ என்பவனைப் பற்றியது. நோய்கண்டு பிழைத்த அவன், இனித் தன்னை நோய் அணுகாது என்ற துணிவில், அடக்கம் செய்ய ஆளில்லாத உடல்களை எடுத்துச் சென்று புதைத்தான். கூலியாக வீட்டிலிருந்த பொருளை எடுத்துக்கொண்டான். அவன் மனைவியும் மகனும் நோயால் இறந்தனர். அன்வின் என்பவனை இறந்தான் என்று எண்ணித் தோளிலிட்டுச் சென்றபோது, ‘பிணம்’ வாய்திறந்து குடிக்கப் பால் கேட்டதாம், அன்வின் பிழைத்துக்கொண்டான். பின்வந்த தலைமுறைகளில் அடங்காத பிள்ளைகளை ‘மார்ஷல் ஹோவைக் கூப்பிடுவேன்’ என்று பெற்றோர் அச்சுறுத்தினர் என வூட் எழுதுகின்றார். குருவானவரின் பெயர் சொல்லி ஒருவரும் பிள்ளையை அடக்கியதாகத் தெரியவில்லை. ஊரின் அச்சம் எவன் பெயரில் போய் ஒட்டிக்கொண்டது என்பதைப் பாருங்கள்! பலியும் தியாகமும் பேசும் பெருங்கதையிலே, பிணத்தின் வீட்டுப் பொருளை அள்ளும் கைக்கு இடமில்லை. ஊர் நினைவு அக்கையை மறக்கவில்லை.

இன்னொன்று மிகச் சிறியது. ஈம் ஊரின் ஒரு மூலையாகிய ஓச்சர்ட் பாங்க் என்னுமிடத்துப் பெண் ஒருத்தி, அயலிலுள்ள ரைட்ஸ்வெல் சந்தைக்குப் போனாள். எங்கிருந்து வருகின்றாய் எனக் காவலன் வினவ, ஈம் என்னாது ஓச்சர்ட் பாங்க் என்றாள். அவன் விட்டுவிட்டான். சந்தைக்குள்ளே அவளை அறிந்தவர் ஒருவர் ஈம் ஊராள் என்று கூவ, கூட்டம் சேற்றையும் கல்லையும் வாரி எறிந்து துரத்தியது. இது நிகழ்ந்த நாளை நிறுவ இயலாது. ஆயினும் இச்சிறு கதையிலே பெருங்கதை மறைத்தது முழுவதும் இருக்கின்றது. எல்லையை உள்ளிருந்தோர் மாத்திரம் காக்கவில்லை. வெளியிலிருந்தோரும் கல்லோடு காத்தனர்.

சட்டமும் அவ்வாறே நின்றது. நோய்ப்பட்ட வீடுகளைப் பூட்டும் அரச கட்டளைகள் 1578 முதல் ஆங்கில நாட்டில் வழங்கின. 1604ஆம் ஆண்டுச் சட்டமோ, நோய்ப்புண் உள்ளவன் வெளியே நடமாடின் அவனைக் கொலைத்தண்டனைக்கு உரிய குற்றவாளியாக்கியது. செல்வர் சிலர் முன்னரே ஊரைவிட்டு அகன்றனர். குருவானவரின் பிள்ளைகளும் சென்றனர். தந்தை ஒருவர் அவ்வாறு செய்ததை யாம் குறைகூறோம். போக இடமும் வண்டியும் உறவும் இல்லாத சுரங்கத் தொழிலாளியைப் பார்த்து, நீ மனமுவந்து தங்கினாய் என்று புகழ்வது எத்தகைய புகழ்ச்சி? அவன் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. கேட்டிருப்பின் என்ன சொல்லியிருப்பான் என்பதை எழுதிவைக்கவும் இல்லை. முற்கூறிய 2016ஆம் ஆண்டு ஆய்வு, தொற்றியவற்றுள் நூற்றுக்கு 73 பங்களவு மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றியிருத்தல் வேண்டும் எனக் கணிக்கின்றது. அஃது உண்மையாயின், சேர்ந்து தங்கியோர் ஒருவருக்கொருவர் நமனாயினர். அயலூர்கள் தப்பியதற்கு இவ்வூர் கொடுத்த விலை அதனால் குறையவில்லை, கூடுகின்றது. ஆனால் அவ்விலையைக் கொடுத்தவர் எல்லாரும் தாமே முன்வந்து கொடுத்தனர் என்று எழுதுவது வரலாறு ஆகாது.

ஸ்ரான்லியையும் இவ்விடத்திற் கூறாதிருத்தல் இயலாது. ஊரார் பெரிதும் மதித்தவர் அவர். புதிதாய் வந்த இளங் குருவானவரின் சொல் அவர் துணையாலே செல்லுபடியாயிற்று என்பது பலர் கருத்து. பதவி இழந்தவர் ஆதலால் பெருங்கதை அவரை நெடுங்காலம் வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்தது.

எல்லாச் செவிவழிச் செய்தியும் பழையது என்றும் கொள்ளற்க. வட்டமாய்க் கைகோத்து ஆடி ஈற்றில் எல்லாரும் விழும் ஆங்கிலச் சிறுவர் விளையாட்டுப் பாட்டு ஒன்று உண்டு. அது கொள்ளைநோயைக் குறிப்பது, ரோசாப்பூ நோயின் கொப்புளம், விழுவது சாவு என்று பலரும் கூறுவர். ஈம் ஊரின் பெயரோடும் அதை இணைப்பர். அப்பாட்டு ஆங்கில நாட்டில் அச்சேறியது 1881இலே. கொள்ளைநோயோடு அதை இணைக்கும் விளக்கமோ இரண்டாம் உலகப்போர்க் காலத்தையொட்டியே பரவலாயிற்று. சிறுவர் பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்த ஓப்பி தம்பதியர் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு ஒருவரும் அறியாதிருந்த பொருளைத் திடீரென ஒருவர் கண்டுபிடித்தால், அதற்கு ஐதிகம் என்னும் பெயரும் பொருந்தாது. ஐதிகத்துக்கு வழிவழி வருதல் வேண்டும். மாணவரை ஊர்க்கதை திரட்ட அனுப்பும் ஆசிரியர், கதையோடு சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், முதலில் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்னும் மூன்றையும் எழுதிவரச் சொல்வாராயின், இத்தகைய போலிகள் தாமே உதிர்ந்துவிடும்.

ஒவ்வோராண்டும் ஓகஸ்ட் மாதத்து இறுதி ஞாயிறன்று ஈம் ஊரார் அப்பள்ளத்தாக்கில் கூடி வழிபடுகின்றனர். அங்கே எல்லாரும் நினைவுகூரும் காதலர் இருவர் உளர்: ஈம் ஊர்ப் பெண் எமற் சிடல், ஸ்ரோனி மிடில்ரன் இளைஞன் ரோலண்ட் ரோர். எல்லை கட்டப்பட்டதால் பிரிந்து, பள்ளத்தாக்கின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் நோக்கினர் என்றும், ஒருநாள் அவள் வரவில்லை என்றும், நோய் ஓய்ந்தபின் ஊருக்குள் முதலில் ஓடிவந்தவன் அவனே என்றும் இக்கதை வழங்கும். ஏட்டைப் புரட்டுவோர் ஓர் இடர்ப்பாட்டைக் காண்பர். எமற்றின் தந்தையும் உடன்பிறந்தார் பலரும் 1665ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே இறந்தனர். எமற் இறந்தது 1666 ஏப்பிரல் இறுதியில். ஊரெல்லை கட்டப்பட்டதோ யூன் மாதத்தில். எல்லை அவரைப் பிரித்தது என்னும் கதை இதனால் விழுகின்றது. விழவே, வேறொன்று எழுகின்றது. குருவானவர் ஒழுங்கு செய்யுமுன், ஊர் கூடித் தீர்மானிக்குமுன், எவரும் தடுக்காத வழியிலே, வீட்டில் அத்தனை சாவு கண்ட பெண் ஒருத்தி தன் காதலனை அருகே வரவேண்டாம் என்று நிறுத்தியிருத்தல் வேண்டும். அவனும் அதற்கு இசைந்து, நாள்தோறும் எதிர்ப்பக்கத்து மேட்டிலே வந்து நின்றான் என்று அவ்வூரார் சொல்கின்றனர்.